மாப்ளைக்கு மாட்டின மூக்கு

மாப்ள மூச்சு விட ஆரம்பிச்சுட்டான், இனி ஒரு மணி நேரத்துக்கு எவனும் இந்தப் பக்கம் வந்து தொலைக்கக் கூடாது. மாப்ளன்னா ஆளு இல்ல, மெஷினு. உக்காந்த எடத்துலயே எல்லாம் சூடா கேக்குறதால எங்க லேப்ல அதுக்கு அந்தப் பேரு. வயித்துல ஒரு தண்ணித் தொட்டி, நம்ம ஒடம்புச் சூட்டுக்குக் காய வச்சது. அதுலேர்ந்து ஈரக் காத்த வெளிய ஊதும், பைப்புல வர்ற காஞ்ச காத்த உள்ள இழுக்கும், மனுஷன் மாதிரியே, அலுத்துக்காம. அவன் வாயில நாங்க மூக்கு மாட்டுவோம். மூக்குன்னா, தொண்டையில ஓட்டை போட்டவங்க அந்த ஓட்டை மேல மாட்டிக்கிற வில்லை. ஒரு பிளாஸ்டிக் வளையம், உள்ள ஸ்பாஞ்சு, ஸ்பாஞ்சுல உப்பு ஏத்தியிருக்கும். வெளிய போற மூச்சுல இருக்குற ஈரத்த அந்த உப்பு புடிச்சு வச்சுக்கிட்டு, உள்ள வர்ற காத்துக்குத் திருப்பிக் குடுக்கும். ஒழுங்கா குடுக்குதான்னு பாக்கத்தான் இந்த டெஸ்ட். ஓட விடுறதுக்கு முன்னாடி மாப்ளைய எடை போடணும், ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி எடை போடணும். எவ்வளவு கொறஞ்சிருக்கோ அவ்வளவு தண்ணி அவன் நெஞ்சுலேர்ந்து காஞ்சு போயிருக்குன்னு அர்த்தம். கொஞ்சமா கொறஞ்சா நல்ல மூக்கு, ஏகத்துக்குக் கொறஞ்சா கெட்ட மூக்கு. எல்லா நாட்டுலயும் இதே முறைதான், இதே சூடுதான், இதே ஒரு மணி நேரந்தான். நடுவுல எடை பாக்கக் கூடாது, பாத்தா ஓட்டம் கெட்டுடும். எனக்குக் கை நமநமங்குது. பாக்க மாட்டேன். இத்தன வருஷம் பாக்காதவ இன்னிக்கு மட்டும் பாப்பேனா.

இன்னிக்கு மாட்டியிருக்குற மூக்கு லேபுக்கு வந்த சாம்பிள் இல்ல. எங்க வீட்டுலேர்ந்து நான் சேலத் தலப்புல முடிஞ்சு கொண்டாந்தது. என் வீட்டுக்காரரோடது. எல்லாரும் கேன்டீனுக்குப் போற நேரம் பாத்து மாட்டியிருக்கேன், ரிஜிஸ்தர்ல எழுதல, எவன்கிட்டயும் சொல்லல, சொன்னா என்ன ஆகும்னு தெரியும். காலைல அவரு குளிக்கப் போயிருந்தப்ப கண்ணாடி ஸ்டாண்டுல வெள்ளைக் கர்ச்சீப்ப விரிச்சு அது மேல இது உக்காந்திருந்துச்சு, பளிச்சுனு, சாமிக்கு வச்ச மாதிரி. புதுசு, இன்னிக்கு மாட்டிக்க எடுத்து வச்சிருக்காருன்னு நெனச்சேன். ஒரு நாளைக்கு ஒண்ணுதானே, சாயங்காலம் கழட்டித் தூக்கிப் போடணும்னு ஆஸ்பத்திரியிலயே சொல்லித்தான் அனுப்புனாங்க. புதுசு போட்டு வைக்கிற டப்பாவுல இன்னும் இருக்கே, வேற எடுத்துக்குவாருன்னு லபக்குனு எடுத்து முடிஞ்சுக்கிட்டேன். பஸ்ஸுல வர்றப்ப எல்லாம் இடுப்புல உறுத்திக்கிட்டே வந்துச்சு. திருட்டுப் பொருள இடுப்புல கட்டியிருக்குறவளுக்கு எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. சொந்த வீட்டு சாமானுக்கே இப்படி வேர்க்குது, ஐயோ.

ஊ... உஸ்ஸ். ஊ... உஸ்ஸ். மாப்ள சத்தம் அவரு சத்தம் மாதிரியேதான் இருக்கு. ராத்திரியில படுத்துக்கிட்டு அதத்தான் கேட்டுக்கிட்டிருப்பேன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவுல இடைவெளி கொஞ்சம் நீண்டாலும் தலையத் தூக்கிப் பாப்பேன். போன வாரம் அந்த இடைவெளி முடியவே இல்ல. எழுந்து லைட்டப் போட்டா மனுஷன் கண்ணு பிதுங்கி செவுத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, கூப்புடவும் முடியல, குரல்வளையவே எடுத்தாச்சே, எங்கேருந்து கூப்புடுறது. ஆட்டோவுல போட்டுக்கிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில இடுக்கியால காஞ்ச சளிய இழுத்துப் போட்டாங்க, கருப்பா, ரத்தம் ஒட்டி, வேர்க்கடலை அளவுக்கு. அந்த டாக்டரம்மா என்னத்தான் மொறைச்சாங்க. "காத்து காஞ்சு உள்ள போகுதும்மா. மூக்கு மாட்டுறாரா இல்லையா?" "தெனமும் மாட்டுறாரு மேடம், தெனமும் புதுசு." "அப்ப ஏன் இப்படி அடைக்குது? அடுத்த தடவ நேரத்துக்கு வந்து சேர்லன்னா நான் பொறுப்பில்ல." நான் பொறுப்பில்லன்னா? அப்ப யாரு பொறுப்பு? அங்கேயே நின்ன எடத்துலயே எனக்குப் பொறி தட்டிடுச்சு. இந்தக் கம்பெனி மூக்க போன வருஷம் டெஸ்ட் பண்ணி பாஸ் போட்டது யாரு? நான். கையெழுத்து யாரோடது? புனிதவதி, சீனியர் டெக்னீசியன். அத நம்பித்தான் என் புருஷன் கழுத்துலயே மாட்டினேன்.

போன வருஷம் வந்த சாம்பிளு சாம்பிளா இருந்திருக்காது. அவ்வளவுதான் விஷயம். டெஸ்டுக்குன்னு நாலு நல்லதா பொறுக்கி அனுப்பியிருப்பான், கடைக்கு எல்லாம் உப்புப் போடாத ஸ்பாஞ்சு. அந்தக் கம்பெனி ஆளு கிரிதர் இருக்கானே, அவன் வர்றப்பல்லாம் அல்வா இல்லாம வந்ததே இல்ல. டெஸ்டுக்கு சாம்பிள் குடுக்க வர்றவன் எதுக்குய்யா அல்வா கொண்டாறான்? அவன் சிரிக்கிறப்ப கண்ணு சிரிக்காது, நான் பாத்திருக்கேன். எங்க லேப் தலைவரு பத்ரி சார் அந்த அல்வாவ வழிச்சு வழிச்சு சாப்புடுறாரு. சர்க்கரை வியாதிக்காரரு, வீட்டுல காப்பியில கூட போட்டுக்க மாட்டாராம், கிரிதர் அல்வான்னா மட்டும் வியாதி லீவுல போயிடும்போல. நான் ஒரு விள்ளல் கூடத் தொட்டதில்ல. இன்னிக்கு மாப்ள சொல்லட்டும். மாப்ள எவன் அல்வாவும் தின்னதில்ல. எடை ஏகத்துக்குக் கொறஞ்சா, அந்த நம்பர எடுத்துக்கிட்டு நேரா மேல போவேன், வேல போனாலும் போகட்டும். என் ஆளு சாகக் கெடந்தாருய்யா.

சந்தேகம் எனக்குப் பொறந்த வீட்டு சீதனம் இல்ல, புகுந்த வீட்டுல ஒட்டிக்கிட்டது. என் வீட்டுக்காரரு ஏகாம்பரம் பஸ்ஸுல டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டரு. ரிட்டையர் ஆகுற வரைக்கும் அவரு கண்ணுக்கு உலகத்துல ரெண்டே ஜாதி, டிக்கெட் எடுத்தவன், எடுக்காதவன். கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில உக்காந்திருக்குறவங்கள ஒரு பார்வை பாப்பாரு பாருங்க, சோறு எறங்காது. ஒரு தடவ நான் ஆபீஸ் பேனாவ மறந்து போயி வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்னு மறுநாள் என்கூட கேட் வரைக்கும் வந்து, நான் அத உள்ள கொண்டு போறதப் பாத்துட்டுத்தான் திரும்பினாரு. அப்படிப்பட்ட ஆளு, அதுக்கேத்த குரலு. "டிக்கெட்ட்"னு அவரு படியில ஏறினா கடைசி சீட்டுல தூங்குறவன் முழிச்சுக்குவான். தொண்டையில கேன்சருன்னு அந்தக் குரல எடுத்துட்டு ஓட்டை போட்டு அனுப்பிட்டாங்க. இப்ப மோதிரத்தால தட்டுறதுதான் பேச்சு. பஸ் கணக்குதான், ஒரு தட்டுன்னா நிறுத்து, அதாவது இல்ல. ரெண்டு தட்டுன்னா ரைட், அதாவது ஆமா. மேசையில தட்டுவாரு, கதவுல தட்டுவாரு, கோவம் வந்தா என் சாப்பாட்டுத் தட்டுல தட்டுவாரு. முதல் தடவ மெடிக்கல்ல மூக்கு வாங்கிட்டு வந்தப்ப அட்டைப் பெட்டியோடதான் குடுத்தேன். அதுல ஒரு வெள்ளக்காரன் படம், கழுத்து ஓட்டையில மூக்க மாட்டிக்கிட்டு பல்லு எல்லாம் தெரிய சிரிக்கிறான். இவரு ரொம்ப நேரம் அதப் பாத்தாரு. அப்புறம் பெட்டியக் கவுத்து வச்சுட்டு எழுந்து போயிட்டாரு, அன்னிக்கு சாப்புடல. அதுலேர்ந்து நான் கடை வாசல்லயே பெட்டியப் பிரிச்சு, அட்டை, காகிதம் எல்லாத்தையும் அங்கேயே கிழிச்சுப் போட்டுட்டு, மூக்க மட்டும் எவர்சில்வர் டப்பாவுல கொட்டிக் கொண்டு போயிடுவேன். அந்தச் சிரிப்பு எங்க வீட்டுக்கு வேணாம்.

ஆனா அவரும் என்கிட்ட எதையோ மறைக்கிறாரு, அதுவும் உண்மைதான். சாயங்காலத்துல பாத்ரூமுக்குள்ள போயி தாழ்ப்பாள் போட்டுக்குறாரு, கொழா தெறந்து விட்டபடியே ஓடுது, ஓடுது, ஆளு வெளிய வர்றதில்ல. அழுவுறாரோன்னு கதவுகிட்ட நின்னேன். தட்டல. குரல் இல்லாதவரு அழுதா சத்தம் வருமான்னே எனக்குத் தெரியல. இன்னொண்ணு, அவரோட பழைய டூட்டி பை, தோல் பை, ஆணியில தொங்கிக்கிட்டிருந்தது, இப்ப பீரோ மேல ஏறியிருக்கு. எதுக்கு ஏறுச்சு? நான் கை நீட்டினா பாய்ஞ்சு வந்து கைய நகத்துறாரு. பீடிதான். வேற என்ன இருக்கப் போகுது? ஓட்டை வழியாவே பீடி இழுக்குறவங்க இருக்காங்கன்னு ஆஸ்பத்திரி ஆயா சொன்னா. சட்டையெல்லாம் மோந்து பாத்தேன், சந்தன சோப்பு வாசனதான் வருது. சோப்பு வாசன ஜாஸ்தியா வந்தாலே சந்தேகந்தான், எத மறைக்க இவ்வளவு சோப்பு?

காலடிச் சத்தம். கதவு. பத்ரி சார். கேன்டீன்ல இருக்க வேண்டியவரு இங்க எதுக்கு வந்தாரு? "என்ன மேடம், சாப்புடப் போகலையா?" "பசி இல்ல சார்." "கண்ணாடிய விட்டுட்டுப் போயிட்டேன்." கண்ணாடி அவரு நெத்தி மேலயே இருக்கு. நெசமாவே தெரியலயா, நடிக்கிறாரா? நான் சொன்னேன், "நெத்தியில சார்." தடவிப் பாத்துட்டு சிரிச்சாரு, அப்பவும் போகல. "மாப்ள ஓடுறான்?" "சும்மா சூடு ஏத்தி வைக்கிறேன் சார், மத்தியானத்துக்கு." "மூக்கு மாட்டியிருக்கு?" "பழசு சார். வாய் சும்மா இருக்க வேணாம்னு." தலைய ஆட்டினாரு. நம்பினாரா? நம்புன ஆளு எதுக்கு இன்னொரு தடவ திரும்பிப் பாக்கணும்? "ஏகாம்பரம் சார் எப்படி இருக்காரு? போன வாரம் சீரியஸ்னு சொன்னாங்களே." "இருக்காரு சார்." "கிரிதர் கிட்ட சொன்னா ஒரு பெட்டி மூக்கு சும்மாவே குடுத்துட்டுப் போவான் மேடம், கேக்கட்டுமா?" பாத்தீங்களா, பாத்தீங்களா, வந்துடுச்சு. அல்வா இப்ப என் வீடு வரைக்கும் வருது. "வேணாம் சார். எங்க வீட்டுக்கு நான் கடையிலதான் வாங்குவேன்." கொஞ்சம் வெடுக்குனுதான் சொல்லிட்டேன். முகம் சுண்டிப் போச்சு அவருக்கு. "நல்லதுக்குத்தான் சொன்னேன் மேடம்"னு போயிட்டாரு. நல்லதுக்குத்தானா. நல்லதுக்குன்னு சொல்றவன் எவனையும் நம்பாதேன்னு எனக்குள்ள ஏகாம்பரம் மோதிரத்தால தட்டுறாரு.

போயிட்டாரா? போயிட்டாரு. காத்து காய வைக்கிற குழாய ஒரு தடவ பாத்துக்குறேன், அதுக்குள்ள இருக்குற கல்லு நீலமா இருந்தா காத்து நல்லா காஞ்சிருக்குன்னு அர்த்தம், ஈரம் ஏறினா ரோஸ் ஆயிடும். நீலம். முழுசா நீலம். யாரும் கை வைக்கல. தொட்டி சூடு சரி. மூச்சு எண்ணிக்கை சரி. அப்பத்தான் டிராயருல போன் மினுங்குறது கண்ணுல பட்டுச்சு, சத்தத்த அமுக்கி வச்சிருந்தேன். வீட்டுலேர்ந்து மிஸ்டு கால். ஒண்ணு இல்ல, வரிசையா. பேச முடியாத மனுஷன் எதுக்கு போன் பண்றாரு? மூக்க காணோம்னு தேடுறாரு. டப்பாவுலதான் இருக்கே, எடுத்து மாட்டிக்க வேண்டியதுதானே! ஒரு மூக்குக்கு இத்தன கூப்பாடா? மறுபடி அடைச்சுக்கிச்சா? அடைச்சிருந்தா போன் பண்ணிக்கிட்டா இருப்பாரு, பக்கத்து வீட்டுக் கதவ ஒடைச்சிருப்பாரு. இல்ல, ஒடைக்க முடியாம... சீ, என்ன நெனப்பு இது. எடுக்கலாமா? எடுத்தா என்ன சொல்றது, உங்க மூக்க திருடிட்டு வந்து திருட்டுத்தனமா ஓட்டிக்கிட்டிருக்கேன்னா? கொஞ்ச நேரந்தான் இருக்கு. முடிச்சுட்டே கூப்புடுறேன். ஊ... உஸ்ஸ். ஊ... உஸ்ஸ். சீக்கிரம் விடுடா மாப்ள. அவன் சீக்கிரமா விட மாட்டான், அவனுக்கு என்ன பொண்டாட்டியா புள்ளையா.

மணி அடிச்சுது. நிறுத்தினேன். மாப்ளைய தராசுல ஏத்தினேன், கண்ணாடிக் கதவ சாத்தினேன், நம்பர் ஆடி ஆடி நின்னுச்சு. அடேயப்பா. கொறஞ்சிருக்கு. ஏகத்துக்குக் கொறஞ்சிருக்கு. மூக்கே மாட்டாம வெறும் வாயோட ஓடவிட்டா எவ்வளவு கொறையுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. மாட்டிக்கிட்டடா கிரிதரு! எனக்கு அழுகையும் வருது, சந்தோஷமும் வருது. இத மாட்டித்தானே இந்த மனுஷன் இத்தன நாளா காஞ்சாரு, வெறும் ஸ்பாஞ்ச கழுத்துல ஒட்டிக்கிட்டு. மாப்ள வாயிலேர்ந்து மூக்கக் கழட்டினேன். வெதுவெதுன்னு இருந்துச்சு. அந்தச் சூட்டுல ஒரு வாசன கெளம்புச்சு. எங்கயோ மோந்த வாசன. மறுபடி மோந்தேன். சந்தனம். இது எப்படி? கம்பெனிக்காரன் சந்தனமா போடுறான்? சட்டை. சட்டையில வந்த அதே வாசன. கொழா. கொழா ஓடிக்கிட்டே இருக்கும் சாயங்காலத்துல. யாரும் இல்லையேன்னு சுத்திப் பாத்துட்டு, கொழம்புக்கு உப்பு பாக்குற மாதிரி நாக்கு நுனியில வச்சுப் பாத்தேன். புதுசுன்னா கரிக்கணும், கசந்துகிட்டு கரிக்கும். இதுல உப்பே இல்ல. ஒரு துளி இல்ல. பழைய சோத்துத் தண்ணி மாதிரி சப்புனு. கழுவியிருக்காரு. ஒரே மூக்க, தெனமும், சோப்புப் போட்டு, கசக்கி. உப்பு முதல் கழுவுலயே போயிருக்கும். கழுவக் கூடாதுன்னு பெட்டி மேலயே கொட்டை எழுத்துல போட்டிருப்பானே, அந்தச் சிரிக்கிறவனுக்குக் கீழயே, தமிழ்லயே. பெட்டிய எவ கிழிச்சுப் போட்டா? நான்தான் கிழிச்சுப் போட்டேன். பாவம் கிரிதரு. இல்ல, பாவமெல்லாம் இல்ல, அந்த அல்வாவ நான் இன்னும் நம்பல. ஆனா இந்த மூக்குல அவன் தப்பு இல்ல.

போன எடுத்தேன். முதல் மணி முழுசா அடிக்கறதுக்குள்ள எடுத்துட்டாரு. மூச்சு சத்தம் கேக்குது, கரகரன்னு, காஞ்சு. "நான்தாங்க. கண்ணாடிகிட்ட இருந்தத நான்தான் எடுத்துட்டு வந்தேன். கழுவுறீங்களா அத?" ரெண்டு தட்டு. ஆமா. "தெனமுமா?" ரெண்டு தட்டு. "ஏங்க?"ன்னு கேட்டுட்டேன், ஏன்னு கேட்டா எப்படித் தட்டுவாரு. "இப்ப கழுத்துல என்ன இருக்கு, வெறும் கர்ச்சீப்பா?" ரெண்டு தட்டு. "டப்பாவுல புதுசு வச்சுட்டுத்தானே வந்தேன், எடுத்து மாட்ட வேண்டியதுதானே, அதுக்குக் கூட கை வராதா உங்களுக்கு?" ஒரு தட்டு. இல்ல. கை வராது. ஏன் வராது? "அப்ப தெனம் டப்பாவுல ஒண்ணு கொறையுதே, எங்க போகுது? தூக்கிப் போடுறீங்களா?" ஒரு தட்டு. "வச்சிருக்கீங்களா? ... பீரோ மேல, அந்தப் பையிலயா?" ரெண்டு தட்டு. பையி. டூட்டி பையி. டிக்கெட் இல்லாத ஆளுங்ககிட்டேருந்து புடிச்சத வைக்கிற பையி. ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன். பெட்டி இல்லாம, காகிதம் இல்லாம, பில்லு இல்லாம, மூக்கு டெஸ்ட் பண்ற எடத்துல வேல பாக்குறவ, டப்பாவுல கொட்டிக்கிட்டு வர்றா. "என்னங்க. நான் லேப்லேர்ந்து திருடிட்டு வர்றேன்னு நெனச்சீங்களா?"

மூச்சு மட்டும். ஊன்னு உள்ள, உஸ்ஸுன்னு வெளிய. அப்புறம் மெதுவா, மோதிரம் படுதா படலையான்னு தெரியாத மாதிரி, ரெண்டு தட்டு.

"அப்ப கழுவிக் கழுவி மாட்டுனது, முதல் தடவ பெட்டியோட குடுத்தேனே, அதுல வந்ததா?" ரெண்டு தட்டு. "மத்ததெல்லாத்தையும் இங்க திருப்பிக் குடுக்கவா சேத்து வச்சிருக்கீங்க?" ரெண்டு தட்டு. "என்னைக் காட்டிக் குடுக்காம, கேக்கவும் கேக்காம, நீங்க காஞ்சு சாகறதுன்னு முடிவு பண்ணீங்களா?" "யோவ்"னு கத்திட்டேன், கல்யாணமாகி இத்தன வருஷத்துல முதல் தடவ யோவ்னு. "அதெல்லாம் மெடிக்கல்ல வாங்குனதுய்யா! என் சம்பளத்துல. பெட்டி மேல ஒருத்தன் சிரிச்சான்ல, நீ அன்னிக்குச் சோறு திங்காம எழுந்து போனல்ல, அதுக்காகத்தான் கடை வாசல்லயே கிழிச்சுப் போட்டுட்டு வந்தேன். நீ அந்தப் படத்தப் பாக்கக் கூடாதுன்னு. அவ்வளவுதான்யா. வேற ஒரு மண்ணும் இல்ல." என் மூக்க ஒறிஞ்சிக்கிட்டேன். அந்தப் பக்கம் மூச்சு நின்னு நின்னு வருது. அழுதா சத்தம் வருமான்னு தெரியாம இருந்தேன்ல, வருது, ஓட்டை வழியா, காத்து ஒடையற மாதிரி வருது. "அழாதீங்க, சளி வரும். பைய எறக்குங்க. இப்பவே. ஸ்டூல் ஆடும், பாத்து ஏறுங்க." ஸ்டூல இழுக்குற சத்தம். பையோட பக்கிள் தெறக்குற சத்தம். அப்புறம் சோழி கொட்டுற மாதிரி எல்லாம் கட்டில்ல கொட்டுறது கேட்டுச்சு, கொட்டிக்கிட்டே இருந்துச்சு, பாவி மனுஷா, அத்தனையுமா. டக். மாட்டிட்டாரு. "புதுசுதானே? கழுவுனது இல்லையே?" ரெண்டு தட்டு. எனக்கு நம்பிக்கை வரல. "போன கழுத்துகிட்ட வைங்க, நான் கேக்குறேன்."

வச்சாரு. கண்ண மூடிக்கிட்டு கேட்டேன். முதல் சில மூச்சு அதே காஞ்ச சத்தந்தான். கதவத் தெறந்துக்கிட்டு பத்ரி சார் வந்து, தராசு மேல மாப்ளையும், காதுல போனும், கண்ணுல தண்ணியுமா நான் உக்காந்திருக்குறதப் பாத்து, "என்ன ஆச்சு மேடம்?"னாரு. கைய நீட்டி நிறுத்தினேன். "சத்தம் போடாதீங்க சார். ரீடிங் எடுத்துக்கிட்டிருக்கேன்."